ஆறியது சாற்றாலா, ஈரத்தாலா?

தீப்புண்ணை விரைவில் ஆற்றும் மூலிகைச் சாறு கண்டுபிடிக்கப்பட்டது என்ற செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். எங்கள் பொதட்டூர்பேட்டையில் இப்படியொரு செய்தி வந்தால், மறுநாளே யாராவது அந்த இலையைத் தேடிப் புறப்பட்டுவிடுவார்கள். புறப்படுமுன் ஒன்று கேளுங்கள்: சாற்றை எதனோடு ஒப்பிட்டார்கள்?

இத்தகைய சோதனைகள் பலவற்றில், எலிகளுக்குச் சூட்டுப்புண் உண்டாக்கி, ஒரு பிரிவுக்குச் சாறு கலந்த களிம்பைத் தடவுகிறார்கள். மறு பிரிவை வெறுமனே விட்டுவிடுகிறார்கள். முதற் பிரிவு முந்தி ஆறுகிறது. புகழெல்லாம் சாற்றுக்கு! ஆனால், களிம்பின் எண்ணெய்ப்பசையும் புண்ணை மூடி, நீர் ஆவியாவதைத் தடுக்கிறதே. அதன் பங்கு எவ்வளவு?

இது வீண் சந்தேகமன்று. ஜார்ஜ் விண்ட்டர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் பன்றிகளின் தோலில் ஆழமற்ற புண்களை உண்டாக்கி, சிலவற்றைப் பாலிதீன் தாளால் மூடினார். சிலவற்றைக் காற்றுப்பட விட்டார். மூடியவற்றில் மேல்தோல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் வளர்ந்தது என்று 1962இல் எழுதினார். பாலிதீனில் என்ன மூலிகை இருக்கிறது? காய்ந்த பொருக்கு இருந்தால், தோலணுக்கள் அதன் அடியில் ஈரமுள்ள இடத்தைத் தேடி ஊர்ந்தாக வேண்டும். ஈரப் பரப்பில் அவை நேரே நகர்ந்துவிடுகின்றன.

மும்பையில் மருத்துவர் கேஸ்வானி, வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைத் தீப்புண்ணின் மீது கட்டிப் பார்த்து 1985இல் அறிக்கை வெளியிட்டார். புண் உலராமல் காப்பதே அதன் பயன் என்பதைப் பின்வந்த திசு ஆய்வு காட்டியது. 2003இல் அதே நகரத்தின் சயான் மருத்துவமனையைச் சேர்ந்த கோரேயும் அகோலேகரும், கிருமிநீக்கிய வாழையிலைக் கட்டை அந்த உருளைக்கிழங்குத் தோலோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றுபோலவே ஆற்றின. இலைக் கட்டு மலிவாகவும் இருந்தது. எனக்குப் பிடித்தது இதுதான்: வெறும் புண்ணோடு போட்டி போட்டு வெல்வது எளிது, இவர்கள் ஏற்கெனவே பயன்பட்டுவந்த ஒரு கட்டோடு மோதவிட்டார்கள். அதுவும் எலியில் அல்ல, நோயாளிகளில்.

எலியிடம் வேறொரு சிக்கலும் உண்டு. அதன் தோல் தளர்வானது. புண் பெரிதும் சுருங்கியே மூடிக்கொள்ளும். நமக்கோ புதுத்தோல் வளர்ந்தாக வேண்டும். மேலும், தோலின் முழு ஆழமும் வெந்த பெரும் புண்ணுக்கு இலையும் போதாது, சாறும் போதாது. தோல் ஒட்டு அறுவை வேண்டும்.

ஆகவே, இனி வரும் செய்தியில் சாறு கலந்த களிம்பு, சாறில்லாத அதே களிம்பு, மருத்துவமனைக் கட்டு ஆகிய மூன்றும் இருந்தனவா என்று பாருங்கள். இதற்கிடையில் வீட்டில் யாருக்காவது சுட்டுவிட்டால், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். பிறகு சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்கு. பச்சிலை அரைக்க அம்மியைத் தேடவேண்டாம்.