‘அண்ணா, ஏன் அடிக்கல?’

அத்திப்பட்டிலிருந்து மீஞ்சூர் வரை பி.ஜி.எம்.ஐ. என்னும் போன் சுடும் கேமை ஆடுகிற யாரிடம் வேண்டுமானாலும் அந்த மனிதரைப் பற்றிக் கேளுங்கள். ஒரே சொல்லில் பதில் வரும்: கேம்பர். வீட்டுக்குள் பதுங்கிக் கிடப்பார், எதிரி கண்ணெதிரே ஓடினாலும் சுடமாட்டார், மற்றவர்கள் அடித்துக்கொண்டு சாகும்வரை காத்திருந்து இடத்தைப் பிடிப்பார் என்பது குற்றச்சாட்டு. ரூம் மேட்ச் நேரலையில் அவருடைய திரை வந்தாலே ‘வேற ஆளைக் காட்டுங்கப்பா’ என்று சத்தம் போடுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. இந்த வட்டாரத்தில் ஆட்டத்தைச் சரியாகப் புரிந்து ஆடுகிறவர் அவர்தான். நான் அவர் கட்சி.

பெயர் வேண்டாம். முப்பதைத் தாண்டியவர். கன்டெய்னர் யார்டில் நைட் ஷிப்ட் வேலை. கூட ஆடும் மூன்று பையன்களுக்கும் இன்னும் இருபதுகூட ஆகவில்லை. அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அவருடைய ஆட்டத்தில் பார்க்க வேண்டியது ஒரே ஒரு முடிவு. எராங்கல் மேப், ஆட்டக்களம் சுருங்கிச் சுருங்கி ஐந்தாவது ஜோன் என்று வைத்துக்கொள்வோம். எதிரணி ஒன்று மறைவே இல்லாத வெட்டவெளியைக் குறுக்கே கடக்கிறது. அவர் மாடி ஜன்னலில் இருக்கிறார். ஸ்கோப் திறந்திருக்கிறது. கடைசியாக ஓடுகிறவனின் முதுகு குறிக்குள் நிற்கிறது. பையன்கள் கத்துகிறார்கள்: “அடிங்கண்ணா! ஈசி நாக்!” அவருடைய விரல் பட்டனுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அவன் ஓடி மதிலுக்குப் பின்னால் மறைந்ததும் ஸ்கோப்பை மூடுகிறார். “விடு, போகட்டும்.” ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “அண்ணா, ஏன் அடிக்கல?”

ஏன் என்று நான் சொல்கிறேன். முதலில், நாக், அதாவது ஆளை விழவைப்பது மட்டும், புள்ளியே இல்லை. விழுந்தவனைச் சுற்றி மற்ற மூவரும் ஸ்மோக் போட்டு ரிவைவ் செய்து எழுப்பிவிட்டால் செலவானது உங்கள் குண்டுதான். விழுந்தவனை முழுதாகக் கொன்று ஃபினிஷ் ஆனால்தான் 1 புள்ளி. அந்த ஒன்றுக்காக, இந்த மாடியில் ஒரு அணி இருக்கிறது என்று சுற்றியிருக்கும் எல்லா அணிக்கும் துப்பாக்கிச் சத்தத்தால் விளம்பரம் செய்துவிடுகிறீர்கள். இரண்டாவது, ஓடுகிற அணி எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். அடுத்த காம்பவுண்டில் வேறொரு அணி உட்கார்ந்திருக்கிறது. ஓடவிட்டால் அந்த இரண்டும் மோதும். இரண்டுமே தேயும். அவர் சுட்டிருந்தால் அந்த மோதலே நடந்திருக்காது.

இப்போது புள்ளிக் கணக்கு. 16 அணிகள், அணிக்கு 4 பேர். முதலிடத்துக்கு 10, பிறகு 6, 5, 4, 3, 2, 1, 1. ஏழாம் இடத்திலிருந்து இரண்டாம் இடம் வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி ஏறுகிறது. அதாவது வேறு யாரோ ஒரு அணியைத் துடைத்தெடுக்கும்போது, சும்மா உயிரோடிருப்பதற்கே உங்களுக்கு ஒரு ஃபினிஷின் விலை கிடைக்கிறது. இரண்டிலிருந்து ஒன்றுக்கு ஏறும் கடைசிப் படி மட்டும் 4 புள்ளி. அந்தப் படியில் கால் வைக்கும்போது கையில் நாலு பேரும் முழு உயிரும் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு நேரமும் அந்த விரல் அடங்கியிருக்கிறது.

விவரம் தெரிந்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். முன்பு முதலிடத்துக்கு 15, அடுத்து 12, 10, 8, 6, 4, 2, 1 என்று இருந்தது. அப்போது ஒரு படி ஏறினால் பெரும்பாலும் 2 புள்ளி, இப்போது அது பாதியாகிவிட்டதே, பதுங்குவதில் இனி என்ன லாபம் என்று. நியாயமான கேள்விதான். பதில் அவருடைய ஆட்டத்திலேயே இருக்கிறது. பழைய கணக்கில் கடைசி இரண்டு அணி மிஞ்சும்வரை அவர் வாய் திறக்கமாட்டார். இப்போது மூன்று அணி மிஞ்சியிருக்கும்போதே, மற்ற இரண்டும் மோதும் சத்தம் கேட்ட நொடியில் மாடியிலிருந்து குதிக்கிறார். அந்தக் கட்டத்தில் அவரைப்போல ரஷ் அடிக்கிறவரை இந்தப் பக்கம் நான் பார்த்ததில்லை. அதற்குள் அவருடைய திரையை மாற்றச் சொல்லிவிட்டவர்கள் அதைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

வடசென்னைக்குக் குத்துச்சண்டை தெரியும். சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்பச் செட்டியார் என்று பரம்பரை பரம்பரையாக ராயபுரம் பக்கம் வளர்த்த ஆட்டம் அது. காவல் போட்டு எதிராளியின் மூச்சை வாங்குகிறவனைக் கோழை என்று கூவினால் ரிங்கைச் சுற்றி நிற்கும் பெரியவர்கள் திரும்பி முறைப்பார்கள். போன் திரைக்கு மட்டும் அந்த மரியாதை ஏன் இல்லை?

இந்தப் பொறுமை பி.ஜி.எம்.ஐ. கற்றுக்கொடுத்ததல்ல, பழைய கேம்களில் படித்தது என்பார் அவர். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பர் 2-ல் தடையானது; 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ.யாக வந்தது, 2022 ஜூலையில் ஸ்டோரிலிருந்து எடுக்கப்பட்டு 2023 மே மாதம்தான் திரும்பியது. போட்டிகள் இல்லாத அந்த மாதங்களில் மற்றவர்கள் வேறு சுடும் கேம் தேடிப்போனார்கள். அவர் போனில் எமுலேட்டர் போட்டு, சின்ன வயதில் டி.வி. கேமில் ஆடிய கான்ட்ராவை மறுபடி எடுத்தார்.

கான்ட்ராவில் மூன்றாவது ஸ்டேஜ் நீர்வீழ்ச்சி. இருவர் ஆடும்போது ஒருவன் வேகமாக மேலே தாவினால் திரையும் மேலே போகும். கீழே நிற்பவன் திரைக்கு வெளியே விழுந்து சாவான். அண்ணன் தம்பிகளுக்குள் எத்தனை சண்டைகளை அந்த ஸ்டேஜ் மூட்டிவிட்டது என்று என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். எதிரியைச் சுடுவதைவிட, கூட வருபவன் எந்தப் பாறையில் நிற்கிறான் என்று பார்த்துத் தாவுவதுதான் அங்கே ஆட்டம். ஜோன் நகரும்போது அவர் பையன்களை நகர்த்தும் விதத்தில் அந்த நீர்வீழ்ச்சி அப்படியே தெரிகிறது.

அடுத்தது வீடியோ கேம் கடையில் காசு போட்டு ஆடிய முஸ்தபா. 1993-ல் கேப்காம் வெளியிட்ட ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’ என்பது அதன் நிஜப் பெயர். மஞ்சள் தொப்பிக்காரனின் பெயர்தான் நம் ஊரில் கேமுக்கே நிலைத்தது. இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினால் சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் விழுவார்கள். ஆனால் அந்த அடி பட்டால் நம் உயிர்க்கோடும் கொஞ்சம் குறையும். கடையில் பாதிப் பேர் அதை அழுத்திக்கொண்டே இருப்பார்கள், காசும் சீக்கிரம் தீரும். அவர் அதை பாஸ் வரும்வரை தொடமாட்டாராம்.

ஸ்ட்ரீட் ஃபைட்டரில் அவருக்குப் பிடித்த ஆள் கைல். அது எனக்கு ஆச்சரியமே இல்லை. கைல் சோனிக் பூம் எறிய வேண்டுமென்றால் ஜாய்ஸ்டிக்கைக் கொஞ்ச நேரம் பின்னால் இழுத்துப் பிடித்து, பிறகு முன்னால் தள்ளிக் குத்த வேண்டும். பின்னால் இழுத்துப் பிடிப்பதுதான் தடுப்பும். தடுத்துக்கொண்டு நிற்கிற அதே நேரத்தில் ஆயுதம் தயாராகிறது. 1991-ல் வந்த அந்த ஒரு கட்டுப்பாட்டைப் புரிந்துகொண்டவர்களுக்கு, இவர் மாடி ஜன்னலில் என்ன செய்கிறார் என்று விளக்கவே வேண்டியதில்லை.

புதிய கேம்களில் அவர் அடியோடு வெறுப்பது ரீகால். செத்தவனைத் திரும்ப இறக்கிவிடலாம் என்றால் சாவுக்கு என்ன விலை என்று கேட்கிறார். இதில் நான் அவர் பக்கம். ஆனால் பி.ஜி.எம்.ஐ.யைவிடக் கான்ட்ராதான் பெரிய கேம் என்று அவர் சொல்வதை ஒப்புக்கொள்ளமாட்டேன். கான்ட்ராவில் எதிரி ஒவ்வொரு தடவையும் அதே இடத்திலிருந்துதான் வருவான். பத்து முறை செத்தால் பாதை மனப்பாடம். இங்கே ஜோன் எங்கே சுருங்கும் என்று யாருக்கும் தெரியாது, எதிரில் நிற்பதோ யோசிக்கத் தெரிந்த மனிதன். அவருடைய பொறுமைக்கு முழு மதிப்பும் கிடைப்பது இந்தப் புதிய கேமில்தான். அது அவருக்கே தெரியவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

இனி வரப்போவது பற்றி. பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடைசெய்த 2025 மத்தியச் சட்டம், இ-ஸ்போர்ட்ஸை அதிலிருந்து பிரித்து விளையாட்டாக ஏற்றிருக்கிறது. ஊர்ப் போட்டிகள் மண்டபங்களுக்கு வரும். ஒரு நாள் முழுக்கப் பல மேட்ச் ஆடி மொத்தப் புள்ளியில் முடிவாகும் போட்டிகள் பெருகும். அப்படிப்பட்ட நாளில் இரண்டு மேட்ச் சீக்கிரம் செத்த அணியால் எழுந்திருக்க முடியாது. இரண்டே வருடத்தில் இந்தப் பக்கத்து ஒவ்வொரு அணியும் இவரைப்போல ஒருவரை, ஆட்டத்துக்குள் அணியை வழிநடத்தும் ஐ.ஜி.எல்.லாகத் தேடி அலையும். அவருக்கு வயது முப்பதா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஓரிடத்தில் மட்டும் இவருக்குச் சரிவு வரும். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பப்ஜி மொபைலை ஆடியபோது, வீரர்கள் ஒருவரையொருவர் சுடாமல், ஓடியபடி குறிப்பலகைகளைச் சுடும்படி விதியையே மாற்றிவிட்டார்கள். நகோயா ஆசிய விளையாட்டிலும் அதன் சாயல் தொடர்ந்தால், அங்கே வெல்லப்போவது வேகமான விரல்தான். பலகைக்கு முன்னால் பொறுமைக்கு என்ன வேலை?

உள்ளூரில் அடுத்து நடக்கப்போவதை உறுதியாகவே சொல்வேன். எதிரணிகள் இப்போதே அவரைப் படிக்க ஆரம்பித்துவிட்டன. அடுத்த போட்டியில் மூன்றாவது ஜோனிலேயே மாடி வீடுகளைத் தேடிவந்து கிரனேடு போடுவார்கள். அவர் அங்கே இருக்கமாட்டார். எராங்கல் மேப்பின் ஜார்ஜோபூல் கன்டெய்னர்களுக்கு நடுவே, அவர் தினமும் இரவில் நடந்து பழகிய மாதிரியான சந்துகளில், நாலு பேரும் தரையில் நிற்பார்கள். வீடுகளில் ஏமாந்து திரும்புகிறவர்களை அன்றைக்கு அவர் முதல் நொடியிலேயே அடிப்பார். அந்த மேட்ச்சில் அதிக ஃபினிஷ் அவர் பெயரில்தான் இருக்கும்.