புகையில் செய்த பிளாஸ்டிக்

விருத்தாசலத்திலிருந்து கடலூர் போகிற பஸ்ஸில், மந்தாரக்குப்பம் தாண்டும்போது நெய்வேலியின் கூலிங் டவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றிலிருந்து வெள்ளையாகக் கிளம்புவது வெறும் நீராவி. அதைத் திட்டாதீர்கள். நிஜ வில்லன் பக்கத்துப் புகைபோக்கியிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும் கார்பன்-டை-ஆக்ஸைடு.

'அதைப் பிடித்து பிளாஸ்டிக், மெத்தனால் எல்லாம் செய்யலாமாமே?'

செய்யலாம். நெய்வேலிக்கே இது பழைய வித்தை. 1960-களில் அங்கே தொடங்கிய உரத் தொழிற்சாலை தயாரித்த யூரியா, அம்மோனியாவும் கார்பன்-டை-ஆக்ஸைடும் சேர்ந்த சரக்குதான். (அந்த ஆலை இப்போது இல்லை.) 2016-ல் தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ், தன் கொதிகலன் புகையிலிருந்து இந்த வாயுவைப் பிரித்து, சோப்புத்தூளுக்கும் கண்ணாடிக்கும் போகிற சோடா ஆஷ் செய்ய ஆரம்பித்தது. தொழில்நுட்பம், கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இரண்டு பேர் தொடங்கிய கம்பெனியுடையது. அதே வருஷம் ஜெர்மனியின் கோவெஸ்ட்ரோ, மெத்தை நுரைக்கான மூலப்பொருளில் 20 சதவிகிதம் வரை இதைச் சேர்த்தது. சபாஷ்!

என் புகார் விஞ்ஞானத்தின் மேல் இல்லை. 'மாசு இனி காசு' என்று தலைப்புப் போடுகிறவர்கள் ஒரு சின்ன வகுத்தல் கணக்குக்கூடப் போடுவதில்லை என்பதுதான். நாம் போடுவோம். தூத்துக்குடியில் பிடிப்பதாகச் சொன்னது வருஷத்துக்கு 60,000 டன். நெய்வேலியில் ஒரேயொரு 500 மெகாவாட் யூனிட் முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்குச் சுமார் 12,000 டன் விடும். ஆக, ஐந்து நாள் கணக்கு தீர்ந்தது. மிச்சம் 360 நாள்?

இன்னொன்று. கார்பன்-டை-ஆக்ஸைடு, எரிந்து முடிந்த சாம்பல் மாதிரி. அதை மறுபடி எரிகிற மெத்தனாலாக்க ஹைட்ரஜன் வேண்டும். ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க மின்சாரம் வேண்டும். அதையும் லிக்னைட்டில் எடுத்தால், கடனை அடைக்கக் கடன் வாங்கிய கதை. சூரிய மின்சாரம்? அதை நேராக வீடுகளுக்கு அனுப்பினால் அந்த அளவு லிக்னைட்டை எரிக்கவே வேண்டாமே!

அப்படியே பிடித்தாலும் வாயு எத்தனை நாள் அடைந்து கிடக்கும்? யூரியா, வயலில் போட்ட சில நாட்களில் விட்டுவிடும். சோடா ஆஷ் கண்ணாடி உலையில் விடும். மெத்தனால் எரித்த உடனே. மெத்தை கொஞ்சம் பொறுமைசாலி.

ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லவில்லை. சிமென்ட் மாதிரி, சுண்ணாம்புக் கல்லே வாயுவை விடுகிற தொழில்களுக்கு இது தேவைப்படும். ஆனால், 2023-ல் வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் என்.எல்.சி.க்காக மண்வெட்டி இயந்திரங்கள் இறங்கியதை டி.வி.யில் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? 'புகையைத்தான் பிளாஸ்டிக் ஆக்கிவிடப் போகிறோமே' என்கிற ஆறுதல், அடுத்த சுரங்கத்துக்கு அனுமதிச் சீட்டாகிவிடக் கூடாது.

அடுத்த முறை அப்படி ஒரு செய்தி வந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள்: எத்தனை டன்? மின்சாரம் எங்கிருந்து? எத்தனை நாளைக்கு?