சீழ்க்கையில் வரும் எழுத்துகள்

ஹாம் ரேடியோவை 14.070 மெகாஹெர்ட்ஸ் பக்கம் திருப்பிவைத்துக் கொஞ்ச நேரம் காதுகொடுத்துப் பாருங்கள். இரைச்சலுக்கு நடுவே மெல்லிய சீழ்க்கைகள், ஒவ்வொன்றும் லேசாக நடுங்கியபடி கேட்கும். பிஎஸ்கே31 என்ற, தட்டச்சு செய்து பேசும் முறையில் யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். ரேடியோவைக் கணினியுடன் இணைத்தால், திரையில் அவையே மேலிருந்து கீழே வழியும் கோடுகள். ஒரு கோட்டின்மேல் மவுஸை வைத்து அழுத்தினால் எழுத்துகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். எங்கோ ஒருவர் தட்டச்சு செய்யும் வேகத்திலேயே வரும். தயங்கினால் தயக்கம் தெரியும், தப்பாக அடித்ததை அழித்தால் அந்த அழிப்பும் வந்து சேரும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஒரு சீழ்க்கைக்கு 31 ஹெர்ட்ஸ் சொச்சம் இடம் போதும். ஒருவரின் குரலுக்கு வேண்டிய அகலத்தில் பல உரையாடல்கள் அடங்கிவிடும். ஆனால் அனுப்பும்போது ரேடியோவுக்குள் செல்லும் ஒலியளவைக் கொஞ்சம் அதிகமாகக் கூட்டிவிட்டால் இருபுறமும் கிளைக்கோடுகள் முளைத்துப் பக்கத்து ஆளின் பேச்சைக் கெடுக்கும். கைதேர்ந்தவர், ஒலியளவு மிஞ்சுவதைக் காட்டும் ஏஎல்சி மீட்டரின் முள் அசையாதபடி பார்த்துக்கொள்வார். சிறிய ஆங்கில எழுத்துகளுக்குக் குறியீடு குட்டை என்பதால் பெரிய எழுத்தைத் தொடமாட்டார். அலை மங்கி எழுத்துகள் குப்பையாகக் கொட்டினாலும் பதறமாட்டார். பெயர், ஊர், சிக்னல் அளவு என்று முக்கியமானதை இரண்டு முறை அடிப்பார்.