ஊர் நம்பர் ஒரு பக்கம், டேட்டா ஒரு பக்கம்

ஜனவரியில் ஃபிராங்ஃபர்ட்டில் நடக்கும் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சி, கரூர் ஏற்றுமதியாளர்களுக்கு முக்கியமான சந்தை. அங்கே ஸ்டாலில் நிற்கிறவருக்கு போனில் ஆக வேண்டிய காரியம் மூன்று. ஊரிலிருந்து வரும் கால், வங்கி ஓடிபி, பையருக்கு உடனே டிசைன் அனுப்ப டேட்டா. மூன்றையும் ஒரே சிம்மில் முடிக்கப் பார்த்தால் செலவும் கூடும், தலைவலியும் கூடும். ஊர் சிம்மை நம்பருக்காக மட்டும் வைத்துக்கொண்டு, டேட்டாவுக்குத் தனியாகப் பயண ஈசிம் போட்டுப் பயன்படுத்திப் பார்த்தேன். வியாபாரப் பயணத்துக்கு இதுதான் சரியான ஏற்பாடு.

முன்பெல்லாம் வெளிநாடு போகிறவருக்குக் கேள்வி, போன் நெட்வொர்க் ஜிஎஸ்எம் வகையா, சிடிஎம்ஏ வகையா என்பதாக இருந்தது. டாடா இண்டிகாம் சிடிஎம்ஏ போனோடு ஐரோப்பாவில் இறங்கினால் சிக்னலே கிடைக்காது. 4ஜி அந்தப் பிரிவினையை முடித்துவைத்தது. அமெரிக்காவில் வெரைசான் 2022 டிசம்பரோடு சிடிஎம்ஏவை மூடிவிட்டது. இப்போது கவனிக்க வேண்டியது வோல்ட்டி ரோமிங். 4ஜியில் கால் பேச வோல்ட்டி வேண்டும். அந்த ஊர் நெட்வொர்க்கோடு நம் கம்பெனிக்கு அதற்கான ஒப்பந்தம் இல்லையென்றால், பழைய 2ஜி, 3ஜியும் இல்லாத இடத்தில் டேட்டா ஓடும், கால் மட்டும் வராது. ஜெர்மனியில் 3ஜி 2021-லேயே போய்விட்டது. 2ஜி மிச்சமிருப்பதால் கால் அதில் இறங்கித் தப்பித்துக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவிலும் சிங்கப்பூரிலும் 2ஜி, 3ஜி இரண்டுமே போய்விட்டன. அங்கே போகிறவர்கள் வோல்ட்டி ரோமிங் உண்டா என்று கஸ்டமர் கேரில் கேட்டுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

ஈசிம் ஏற்றுவது பெரிய வேலையில்லை. கியூஆர் கோடு மெயிலில் வரும். அதை லேப்டாப்பில் திறந்து போன் கேமராவைக் காட்டுவது சுலபம். வீட்டு வைஃபையிலேயே இதை முடித்துவிட வேண்டும். ஏற்றிய ஈசிம்மை அழித்துவிட்டால் பல கம்பெனிகளின் கோடு இரண்டாம் முறை எடுபடாது. ஊர் சிம்முக்கு இன்டர்நேஷனல் ரோமிங் சேவையையும் கிளம்புமுன்பே போட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஓடிபி வராது.

போய் இறங்கியதும் செட்டிங்ஸில் டேட்டா ரோமிங்கை ஊர் சிம்முக்கு ஆஃப், ஈசிம்முக்கு ஆன் செய்ய வேண்டும். பில்லுக்குப் பயந்து இரண்டையும் ஆஃப் செய்துவிட்டு, நெட் வரவில்லை என்று தவிக்கிறவர்கள் நிறைய. பயண ஈசிம் பெரும்பாலும் வேறொரு நாட்டுக் கம்பெனியுடையது. அதுவே ஜெர்மனியில் ரோமிங்கில்தான் இருக்கிறது.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான இரட்டை சிம் போன்களில் ஒரு சிம்மில் பேசும்போது மற்றதில் டேட்டா நின்றுவிடும். பையருக்கு கேட்டலாக் ஏறிக்கொண்டிருக்கும்போது ஊர் நம்பரில் வரும் காலை எடுத்தால் அப்லோடு அப்படியே நிற்கும், காலை வைத்த பிறகுதான் நகரும். ஆபீஸில் இருப்பவர்களை வாட்ஸ்அப்பில் கூப்பிடச் சொல்லிவிட்டால் இந்தத் தொல்லையும் இல்லை, ரோமிங் காலுக்குக் காசும் இல்லை.

டேட்டா எந்த வழியாகப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஊர் சிம்மில் ரோமிங் டேட்டா போட்டால் அது பொதுவாக இந்தியா வரை வந்துதான் இணையத்துக்குள் நுழையும். அதனால் கொஞ்சம் தாமதம் தெரியும். குவாங்சோவில் கேன்டன் கண்காட்சிக்குப் போகிறவருக்கோ அந்தச் சுற்றுவழிதான் உதவி. உள்ளூர் சிம்மில் திறக்காத ஜிமெயிலும் வாட்ஸ்அப்பும் இதில் திறக்கும். சீனாவுக்கு மட்டும் உள்ளூர் சிம்மை நான் பரிந்துரைக்க மாட்டேன். சில பயண ஈசிம்கள் மூன்றாவது நாடு ஒன்றின் வழியாக இணையத்துக்குப் போகின்றன. ஃபிராங்ஃபர்ட்டில் உட்கார்ந்து வங்கித் தளத்தைத் திறந்தால், வேறு நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்று கூடுதல் சரிபார்ப்பு கேட்கக்கூடும். ஊர் சிம் உயிரோடு இருந்தால்தான் அந்த ஓடிபி கைக்கு வரும்.

அதனால் ஊர் நம்பரை பிளாஸ்டிக் சிம்மிலேயே வைத்திருங்கள். போன் கீழே விழுந்து உடைந்தால் அதைக் கழற்றி வேறு போனில் போட்டு அந்த நிமிஷமே வேலையைத் தொடரலாம். ஈசிம் என்றால் வெளியூரில் நின்றுகொண்டு கம்பெனியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் ஐபோன் வாங்கிவரச் சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஐபோன் 14 முதல் அங்கே விற்கும் மாடல்களில் சிம் போடும் தட்டே கிடையாது.

பிளான் வாங்கும்போது நாடுகளின் பெயரை ஒவ்வொன்றாகப் படியுங்கள். 2017 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டு சிம் மற்ற நாடுகளிலும் உள்ளூர்க் கட்டணத்தில் ஓடுகிறது. சுவிட்சர்லாந்து அந்த ஏற்பாட்டில் இல்லை. ஃபிராங்ஃபர்ட்டில் வாங்கிய சிம்மோடு ரயிலேறி பாசெல் போய் பையரைப் பார்க்கிறவர், சுவிட்சர்லாந்தும் சேர்ந்த ஈசிம்மாகப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டே நாளில் திரும்புகிற பயணத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம், நம் கம்பெனியின் ரோமிங் பேக்கே போதும்.