ஒருவழி டிக்கெட் வைத்தியம்

லண்டனின் சவுத்தாலிலிருந்து ஹீத்ரோ விமான நிலையத்துக்குச் சில மைல்தான். பிராட்வேயில் நகைக்கடைகளுக்கும் இனிப்புக்கடைகளுக்கும் நடுவே பயண முகவர்களின் பலகைகள் தொங்குகின்றன. அங்கே விற்கும் டிக்கெட்டுகளில் பெரும்பாலானவை கல்யாணத்துக்கும் சாவு வீட்டுக்கும் கோடை விடுமுறைக்கும். சில மட்டும் வேறு காரியத்துக்கு. யூனிவர்சிட்டியில் படிக்கும் பிள்ளை போதையில் விழுந்தது தெரிந்ததும் உறவினர் கூடிப் பேசுவார்கள். "ஊருக்கு அனுப்பி விடுங்கோ, அங்க மாமா பாத்துக்கொள்ளுவார், நாலு மாசத்தில திருந்தீடுவான்" என்று யாராவது ஒருவர் தீர்ப்புச் சொல்ல, மறுநாளே டிக்கெட் போடப்படும்.

இது தமிழர் மட்டும் கண்டுபிடித்த வைத்தியமல்ல. சவுத்தாலின் பஞ்சாபிக் குடும்பங்கள் பையனைப் பாட்டன் கிராமத்துக்கு அனுப்புகின்றன. சோமாலியர் இதைத் 'தக்கன் செலிஸ்' என்று பெயரிட்டே அழைக்கிறார்கள். மொழியும் மதமும் வேறான மூன்று சமூகங்கள் ஒரே முடிவுக்கு வருகின்றன என்றால், அதை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

பெற்றோரின் பக்கம் நியாயம் இருக்கிறது. பதினெட்டு வயது தாண்டிய பிள்ளையைப் பற்றி, அதன் சம்மதம் இல்லாமல், குடும்ப மருத்துவரும் பல்கலைக்கழகமும் பெற்றோரிடம் பொதுவாக வாய் திறக்க மாட்டார்கள். கட்டணம் கட்டுவது, சோறு போடுவது, இரவு இரண்டு மணிக்குக் கதவு திறந்துவிடுவது எல்லாம் பெற்றோர். தகவல் மட்டும் அவர்களுக்கு இல்லை. சிகிச்சையும் எளிதில் கிடைப்பதில்லை. இங்கிலாந்தில் போதைச் சிகிச்சைக்கான பொறுப்பு 2013-ல் நகராட்சிகளிடம் போனது. தொடர்ந்து வந்த நிதிவெட்டில் சேவைகள் எவ்வளவு நலிந்தன என்பதை டேம் கரோல் பிளாக் 2020-லும் 2021-லும் அரசுக்கு அளித்த அறிக்கைகள் விரிவாகச் சொல்கின்றன. தங்கிச் சிகிச்சை பெறும் தனியார் இல்லங்களுக்கோ ஆயிரக்கணக்கில் பவுண்டு வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் கொழும்புக்கு ஒரு டிக்கெட் மலிவு.

இடம் மாறினால் பழக்கம் மாறும் என்ற நம்பிக்கைக்கு ஆய்வின் ஆதரவும் உண்டு. வியட்நாம் போரிலிருந்து 1971-ல் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்தார். அங்கே இருந்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையாகியிருந்தார்கள். ஊர் திரும்பிய முதல் ஆண்டில், அப்படி அடிமையானவர்களில் மறுபடி அதே நிலைக்குப் போனவர்கள் சுமார் 5 சதவீதம்தான். 'ஒருமுறை அடிமை, என்றும் அடிமை' என்று நம்பியிருந்த வாஷிங்டனால் இதை எளிதில் ஏற்க முடியவில்லை.

ஆனால் ஊருக்கு அனுப்பும் பெற்றோர் இந்த ஆய்வைத் தங்களுக்குச் சாட்சியாக அழைத்தால், அது அவர்களுக்கு எதிராகத்தான் பேசும். சிப்பாய் பழக்கத்தைக் கற்றது போர்க்களத்தில்; திரும்பியது வீட்டுக்கு. கற்ற இடத்துக்கு அவன் மறுபடி போகவே இல்லை. சவுத்தால் பிள்ளையின் பயணம் நேரெதிரானது. பழக்கம் பிடித்த தெரு, கொடுத்துப் பழக்கிய சிநேகிதன், தூக்கம் வராத அந்த அறை எல்லாம் இங்கேயே காத்திருக்க, அவன் நாலு மாதம் வெளியே இருந்துவிட்டு அவற்றிடமே வந்து சேர்கிறான். ஊரில் அவன் சுத்தமாக இருந்தது உண்மையாகவே இருக்கலாம். அந்தச் சுத்தம் ஊருக்குரியது.

திரும்பி வரும் நாட்கள்தான் ஆபத்தானவை. ஓபியம் வகைப் போதைகளை விட்டிருந்தவரின் உடல், முன்பு தாங்கிய அளவை இப்போது தாங்காது. சிறையிலிருந்து வெளிவந்தவர்கள் முதல் சில வாரங்களில் அதிகம் இறப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். இடத்துக்கும் உடலுக்கும் உள்ள தொடர்பை ஷெப்பர்ட் சீகல் என்ற ஆய்வாளர் 1982-ல் எலிகளை வைத்துக் காட்டினார். ஹெராயினுக்குப் பழகிய எலிகளுக்கு ஒரே பெரிய அளவைக் கொடுத்தபோது, பழகிய இடத்தில் 32 சதவீதமும் புது இடத்தில் 64 சதவீதமும் செத்தன. ஆக, போன இடத்தில் ரகசியமாகத் தொடர்ந்தாலும் ஆபத்து. விட்டுவிட்டு வந்து மறுபடி தொட்டாலும் ஆபத்து.

எலிக் கதை லண்டனுக்குப் பொருந்துமா என்று கேட்பவர்கள் சவுத்தாலையே பார்க்கலாம். 2025 மே இறுதியில் அங்கே இளவயதினர் இருவர் இறந்ததை அடுத்து, பச்சை நிற மாத்திரை ஒன்றைப் பற்றிப் பெருநகரக் காவல்துறை பொதுமக்களை எச்சரித்தது. வலிமாத்திரை என்று விற்கப்படும் போலிகளில் நைட்டசீன் என்னும் மிகக் கடும் செயற்கை ஓபியம் கலந்திருப்பது பிரிட்டனின் புதிய தலைவலி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023-ல் பதிவான போதை நச்சு மரணங்கள் 5,448. கணக்கெடுக்கத் தொடங்கிய 1993 முதல் அதுவரை இல்லாத எண்ணிக்கை. அவற்றில் ஏறத்தாழ பாதியில் ஓபியம் வகைக்குப் பங்கு உண்டு.

அனுப்பப்படும் ஊர் எப்படி இருக்கிறது? பெற்றோர் மனத்தில் இருப்பது அவர்கள் விட்டு வந்த ஆண்டின் ஊர். இன்றைய பஞ்சாபில் 'சிட்டா' என்ற ஹெராயின் கிராமம் வரை போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் 'ஐஸ்' என்பது இப்போது சர்பத்தில் போடுவது மட்டுமல்ல, ஒரு போதைப்பொருளும்கூட. இலங்கையில் மாட்டிக்கொண்டால் போகும் இடம் எப்படிப்பட்டது என்பதைப் பொலனறுவைப் பக்கத்துக் கந்தக்காடு புனர்வாழ்வு நிலையம் காட்டியது: 2022 ஜூனில் உள்ளே ஒருவர் இறந்ததையொட்டிக் கலவரம் மூண்டு நூற்றுக்கணக்கானவர்கள் தப்பி ஓடினார்கள். லண்டனில் பிறந்து, தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசும் இருபது வயதுப் பையனுக்கு அந்த மண்ணில் பாதுகாப்பு யார்? மாமாவா?

இன்னொரு குறை இதைவிட அன்றாடமானது. 'போதை' என்று ஒரே சொல்லில் அடக்கும்போது, எந்தப் பொருள் என்ற கேள்வி விடுபடுகிறது. லாஃபிங் கேஸ் எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடு 2023 நவம்பர் முதல் தடைசெய்யப்பட்ட சி வகுப்புப் பொருள். அது உடலின் பி12 வைட்டமினைச் செயலிழக்கச் செய்து நரம்பைக் கெடுக்கும். கால் மரத்துப்போன பிள்ளைக்குத் தேவை நரம்பு மருத்துவர். கெட்டமைன் சிறுநீர்ப்பையைச் சிதைக்கும். வீரியமிக்க கஞ்சாவைத் தினமும் புகைப்பவர்களில் சைக்கோசிஸ் எனும் கடும் மனநோயின் அபாயம் பல மடங்கு என்று மார்த்தா டி ஃபோர்த்தி குழுவின் 2019 ஆய்வு காட்டியது. லண்டனில் புதிதாகச் சைக்கோசிஸுக்கு ஆளாவோரில் சுமார் 30 சதவீதம் அத்தகைய கஞ்சா இல்லாவிட்டால் தவிர்க்கப்பட்டிருக்கும் என்பது அதன் மதிப்பீடு. காதில் குரல் கேட்கத் தொடங்கிய பிள்ளையைப் பத்து மணிநேர விமானத்தில் ஏற்றி, கோயில் கோயிலாகக் கூட்டிப்போகும் மாதங்கள், சிகிச்சை மிகவும் பலனளிக்கும் மாதங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் அவ்வளவு தெளிவாக இல்லை. ரவுடிக் கும்பலில் சேர்ந்துவிடுவான் என்ற அச்சத்தில் லண்டன் பெற்றோர் தம் பதின்ம வயது மகனை 2024 மார்ச்சில் கானாவின் விடுதிப் பள்ளியில் விட்டுவந்தார்கள். மகனே வழக்குப் போட்டான். 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் பெற்றோர் பக்கம் நின்றது. ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கி மறுவிசாரணைக்கு அனுப்பியது. கல்லூரி வயதுப் பிள்ளைக்கு இந்தக் குழப்பமே இல்லை: அது வயதுவந்த குடிமகன். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் உரிமை எந்தத் தகப்பனுக்கும் கிடையாது.

ஊருக்குப் போன கையோடு 'ஒரு கால்கட்டுப் போட்டுவிட்டால்' சரியாகும் என்பார்கள் சிலர். போதையில் தள்ளாடும் காலுக்கு அந்தக் கட்டு எப்படி ஊன்றுகோலாகும் என்று தெரியவில்லை. கட்டப்படும் பெண்ணுக்கு என்ன ஆகும் என்பது மட்டும் தெரியும். கட்டாயத் திருமணம் இங்கிலாந்தில் 2014 முதல் குற்றம்.

அனுப்ப வேண்டாம் என்றால், வீட்டைவிட்டுத் துரத்துவதா? 'கடுமைதான் அன்பு' என்ற அமெரிக்கப் பாணி எண்பதுகளில் புகழ்பெற்றது. குடும்பமே திரண்டு வந்து எச்சரிக்கும் முறையும் அதன் உறவுதான். இரண்டுக்கும் மாற்றாக நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய 'கிராஃப்ட்' முறை, பயிற்சியைக் குடும்பத்துக்குத் தருகிறது: தெளிவாக இருக்கும் நேரத்தில் நெருங்குவது, போதையில் இருக்கும்போது விலகுவது, அதன் விளைவுகளைத் துடைத்துவிடாமல் இருப்பது, சிகிச்சை என்ற பேச்சை எடுக்கத் தருணம் பார்ப்பது. 1999-ல் வெளியான சோதனையில், மதுவுக்கு அடிமையாகிச் சிகிச்சையை மறுத்துவந்தவர்களில் 64 சதவீதத்தினரை இம்முறை சிகிச்சைக்குக் கொண்டுவந்தது. திரண்டு வந்து எச்சரிக்கும் முறையில் அது 30 சதவீதம்.

நம் வீடுகளில் இது நடக்குமா என்பது நியாயமான சந்தேகம். அப்பா கைச்செலவுக் காசை நிறுத்த, அம்மம்மா சமையலறையில் வைத்து இருபது பவுண்டைக் கையில் திணிக்கும் வீடு அது. ஆகவே பயிற்சிக்குப் போக வேண்டியவர்களில் அம்மம்மாவும் ஒருவர். இந்த உண்மையைச் சென்னை வெகு முன்பே கண்டுகொண்டது. குடியால் கணவனை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் நிறுவனத்தின் மருத்துவமனையில், நோயாளிக்கு இணையாகக் குடும்பத்தாருக்கும் தனிச் சிகிச்சைத் திட்டம் உண்டு. பிள்ளை தானே விரும்பி, பெற்றோரில் ஒருவர் உடன் வந்து, அப்படிப்பட்ட இடத்தில் சேர்வது 'ஊருக்கு அனுப்புவது' ஆகாது. அதில் குறைகாண ஏதுமில்லை, திரும்பியபின் சவுத்தாலில் தொடர்சிகிச்சை முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டிருந்தால்.

அந்தத் தொடர்ச்சிக்கு வழிகள் இருக்கின்றன, யாரும் தேடிவந்து சொல்வதில்லை. பிள்ளையின் சம்மதமின்றி மருத்துவர் பெற்றோரிடம் பொதுவாக எதுவும் சொல்லக்கூடாது என்பது உண்மை. பெற்றோர் சொல்வதைக் கேட்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. பிள்ளை வராவிட்டாலும் குடும்பத்தாருக்கு உதவ 1984 முதல் ஆட்ஃபாம் இயங்குகிறது. படிப்பை அடியோடு விடாமல் இடைநிறுத்திவைக்கப் பல்கலைக்கழகங்கள் இடம் தருகின்றன. ஓபியம் மயக்கத்தை முறிக்கும் நலோக்சோனைப் போதைச் சிகிச்சை மையங்கள் 2015 அக்டோபர் முதல் மருந்துச்சீட்டு இல்லாமலே தரலாம். குடும்பத்தாரும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். கஞ்சாவுக்கோ கெட்டமைனுக்கோ அது வேலை செய்யாது. ஆனால் பிள்ளை விழுங்குவது உண்மையில் எந்த மாத்திரை என்பது விற்றவனுக்கே தெரியாத காலத்தில், மூக்கில் அடிக்கும் அந்த ஸ்பிரேயை வீட்டில் வைத்திருப்பதும், அடித்த கையோடு 999-ஐ அழைக்க வேண்டும் என்பதை அம்மம்மா உட்பட எல்லோரும் அறிந்திருப்பதும் இன்றே செய்யக்கூடியவை.