மறுப்பின் ஒழுங்கு: இரண்டு தஹாஃபுத்கள் தரும் பாடம்

ஒருவர் தம் கருத்தைக் கட்டுரையாக எழுதுகிறார். வாசகர் ஒருவர் அதற்கு மறுமொழி எழுதுகிறார். அம்மறுமொழி எப்போது பயன் தருகிறது, எப்போது வெறும் இரைச்சலாய் முடிகிறது என்னும் வினாவை நம் முன்னோர் ஒரு தனிக்கலையாகவே வளர்த்திருந்தனர். தர்ஸே நிஸாமி முறையில் ஓதியவர்கள் ‘ரஷீதிய்யா’ என்னும் நூலை அறிவர். ஸய்யித் ஷரீஃப் ஜுர்ஜானியின் பெயரால் வழங்கும் ‘ஷரீஃபிய்யா’வுக்கு 17ஆம் நூற்றாண்டில் ஜவ்ன்பூரைச் சேர்ந்த அப்துர் ரஷீத் எழுதிய விரிவுரை அது. நம்மில் பெரும்பாலோர் தேர்வுக்காக அதனை ஓதிவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிறோம். நானும் அவ்வாறே செய்தேன். அதற்குரிய விலையையும் கொடுத்தேன்.

அந்நூல் முதலிலேயே மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்டுகிறது. உண்மை வெளிப்பட வேண்டும் என்பதற்காக இருவர் உரையாடினால் அது முனாழரா. எதிரியை வெல்வதே நோக்கமானால் முஜாதலா. உண்மையும் வேண்டாம், வெற்றியும் வேண்டாம், வீம்பு ஒன்றே போதும் என்றால் முகாபரா. வெளிப்பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும்.

பின்னர் மறுப்பவருக்குரிய வழிகளை அது வரையறுக்கிறது. அவையும் மூன்றே. முதலாவது மன்உ: எதிராளியின் ஆதாரத்தில் குறிப்பிட்ட ஒரு கூற்றைச் சுட்டி, ‘இதற்குச் சான்று என்ன?’ எனக் கேட்பது. இரண்டாவது நக்ழ்: அவருடைய வாதத்தை ஏற்றால் ஏற்கமுடியாத முடிவுக்குப் போய்ச் சேரவேண்டியிருக்கும் எனக் காட்டுவது. மூன்றாவது முஆரழா: அவருடைய முடிவுக்கு நேர்மாறான முடிவை வேறு ஆதாரத்தால் நிறுவுவது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ‘மத்ரஸாக்கள் பெருகிவிட்டன, ஆகவே சமுதாயத்தில் மார்க்க அறிவும் பெருகிவிட்டது’ என ஒருவர் எழுதுகிறார். மத்ரஸா பெருகினால் அறிவு பெருகும் என்பதற்குச் சான்று கேட்பது மன்உ. ‘அப்படியானால், பள்ளிவாசல்கள் பெருகிய ஊர்களிலெல்லாம் தொழுகையாளிகளும் பெருகியிருக்க வேண்டுமே?’ என்பது நக்ழ். அறிவு பெருகவில்லை என்பதற்கு வேறு சான்றுகளைத் தருவது முஆரழா. எழுதியவர் எந்த மத்ரஸாவில் ஓதினார், எந்த இயக்கத்தைச் சார்ந்தவர், யாருடைய தூண்டுதலால் எழுதினார் என்பவற்றுக்கு இம்மூன்றிலும் இடமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் நம் இதழ்களுக்கு வரும் மறுமொழிகள் பலவற்றில் இவையே முன்னால் நிற்கின்றன.

இக்கலையை நடைமுறையில் காண வேண்டுமானால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களிடம் செல்ல வேண்டும். ஒரு கொள்கையின் அடியாழத்தை அறியுமுன் அதனை மறுப்பது இருட்டில் அம்பெய்வதற்கு ஒப்பாகும் என்பது ‘அல்முன்கித்’ நூலில் அவர்கள் உணர்த்தும் கருத்து. பக்தாதில் முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டே, கிடைத்த ஓய்வில் இரண்டாண்டுக்கும் குறைவான காலத்தில் தத்துவ நூல்களைத் தாமே பயின்று, பின்னர் ஏறத்தாழ ஓராண்டு அவற்றையே சிந்தித்ததாகவும் அதில் கூறுகிறார்கள். ஹிஜ்ரி 488இல் (1095) ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’ நிறைவுற்றது.

தத்துவவாதிகளின் கொள்கைகளை மட்டும் எடுத்துரைக்க ‘மகாஸிதுல் ஃபலாஸிஃபா’ என்னும் நூலையும் அவர்கள் எழுதினார்கள். அது லத்தீனில் பெயர்க்கப்பட்டபோது அதன் முன்னுரை பெரும்பாலான பிரதிகளில் விடுபட்டது. அதனால் ஐரோப்பியப் படிப்பாளிகள் பலர் நெடுங்காலம் கஸ்ஸாலியையே அக்கொள்கைகளுக்கு உரியவராக எண்ணியிருந்தனர். எதிராளியின் கருத்தை நேர்மையாக எடுத்துரைப்பதற்கு இதைவிடச் சிறந்த நற்சான்று வேண்டுமா?

இத்தகைய நேர்மைக்கு எதிர்ப்பும் இருந்தது. முஃதஸிலாக்களுக்கு ஹாரிஸ் அல்முஹாஸிபி எழுதிய மறுப்பை இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) கடிந்துகொண்டதை ‘அல்முன்கித்’ குறிப்பிடுகிறது. ஐயத்தை முதலில் எடுத்துரைத்துவிட்டுப் பிறகு விடை சொன்னால், வாசகர் ஐயத்தோடு நின்றுவிடக்கூடும் என்பது இமாம் அஹ்மதின் கவலை. அக்கவலை நியாயமானது என ஏற்கும் கஸ்ஸாலி (ரஹ்), பரவாத ஐயத்துக்கே அது பொருந்தும் என்கிறார்கள். பரவிவிட்ட ஐயத்துக்கு விடை கூறியே ஆகவேண்டும். விடை கூற அதனை எடுத்துரைத்தே ஆகவேண்டும். அச்சேறிய கட்டுரை ஏற்கெனவே பரவிவிட்டது. அதன் வாதத்தை மறைத்துவிட்டு எழுதும் மறுப்பு யாரையும் காப்பாற்றாது.

ஏறத்தாழ 85 ஆண்டுகளுக்குப் பின் குர்துபாவின் இப்னு ருஷ்து ‘தஹாஃபுதுத் தஹாஃபுத்’ எழுதினார். கஸ்ஸாலி (ரஹ்) மறைந்து பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் அவர். வாசகர் மறுமொழிக்கு இதைவிடப் பெரிய முன்மாதிரி அரபியில் அரிது. கஸ்ஸாலியின் சொற்களைப் பகுதி பகுதியாக எடுத்தெழுதி, ஒவ்வொன்றின் கீழும் தம் விடையை வைக்கிறார். எதை மறுக்கிறார் என்பதில் வாசகருக்கு ஐயமே எழாது. இது அரிஸ்டாட்டிலின் கருத்தன்று, இப்னு ஸீனாவின் கருத்து எனப் பல இடங்களில் பிரித்துக் காட்டுகிறார். பிறர் கூற்றை எடுத்துரைப்பவரிடம் அக்கூற்று சரியாக எடுத்துரைக்கப்பட்டதா என்று கேட்பதே முனாழரா விதி. அவ்விதியை அவர் செம்மையாகக் கையாள்கிறார்.

ஆயினும் அந்நூல் தளரும் இடமும் உண்டு. கஸ்ஸாலி தெரிந்தே இப்படி எழுதினாரா, தெரியாமல் எழுதினாரா, காலச்சூழல் நிர்ப்பந்தித்ததா என அவர் ஆராயப் புகும்போது வாதம் நின்றுவிடுகிறது. உள்ளத்தை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. வாதத்தில் கைதேர்ந்த இப்னு ருஷ்துக்கே அங்கே கால் இடறுகிறது என்றால் நம் நிலை என்ன?

முதல் தஹாஃபுதும் இவ்விசாரணைக்கு விலக்கன்று. தாம் எதையும் நிறுவ வரவில்லை, சான்று கேட்பவராகவும் மறுப்பவராகவுமே வந்திருப்பதாக அதில் கஸ்ஸாலி (ரஹ்) அறிவிக்கிறார்கள். சிக்கலுக்கு எதிராகச் சிக்கலை வைப்பது ஐயத்தை வளர்க்குமேயன்றி எதையும் தகர்க்காது என்பது இப்னு ருஷ்தின் முறையீடு. முனாழரா விதிப்படி இதில் கஸ்ஸாலியின் பக்கமே நியாயம். கேட்பவர் கேட்பதோடு நிற்கலாம். ஆனால் இருபது பிரச்சினைகளையும் ஆராய்ந்தபின், மூன்றில் குஃப்ர் தீர்ப்பு வழங்கும்போது அவர்கள் கேட்பவராக இல்லை. தீர்ப்பு ஒரு வாதம். அதற்குச் சான்று தரும் பொறுப்பு தீர்ப்பளிப்பவரையே சாரும். அத்தகைய தீர்ப்புக்குரிய அளவுகோலைப் பின்னர் ‘ஃபைஸலுத் தஃப்ரிகா’ என்னும் தனிநூலில் அவர்களே வகுத்தார்கள் என்பது அவர்களுடைய அறிவு நேர்மைக்குச் சான்று.

இனி என் கதை. சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன், அரபுக்கல்லூரிகளில் இலக்கண நூல்களைக் குறைத்து, அரபியைப் பேச்சுமொழியாகவும் கற்பிக்க வேண்டும் என வலியுறுத்தும் கட்டுரை ஒன்று ஒரு மாத இதழில் வெளிவந்தது. நான் மூன்று பக்க மறுமொழி அனுப்பினேன். இலக்கணத்தால் மாணவர்களின் பேச்சுத்திறன் முடங்குகிறது என்ற அவருடைய கூற்றுக்கு நான் சான்று கேட்டிருக்கலாம். என் வகுப்பு அனுபவத்தைக் கொண்டு முஆரழா செய்திருக்கலாம். இரண்டையும் விட்டுவிட்டு, உஸ்தாத்மார்களின் காலடியில் அமர்ந்து ஓதாதவருக்கு இதைப் பேச என்ன தகுதி என்று எழுதினேன். ஜும்ஆவுக்குப் பின் சிலர் என் கையைப் பற்றி, ‘நல்ல சூடு கொடுத்தீர்கள் ஹஜ்ரத்’ என்றனர். நான் மகிழ்ந்தேன். அவர் பதில் எழுதவில்லை. அதன் பின் அவ்விதழில் அதுபற்றி அவர் எதுவும் எழுதியதாகவும் நான் காணவில்லை.

சில ஆண்டுகள் கழித்து எங்கள் கல்லூரியிலேயே பாடத்திட்டத்தைத் திருத்த அமர்ந்தோம். அவர் எழுப்பிய வினாக்களே எங்கள் முன் வந்து நின்றன. அவற்றுக்கு விடை தேட என் மூன்று பக்கங்களில் ஒரு வரிகூட உதவவில்லை.

மறுமொழி எழுத அமர்பவர் தம்மைத்தாமே சில வினாக்கள் கேட்டுக்கொள்வது நலம். எதிராளி ‘ஆம், நான் சொன்னது இதுதான்’ என்று ஒப்பும் வகையில் அவர் கருத்தை எடுத்துரைத்தேனா? எந்த வரியை மறுக்கிறேன்? மூன்று வழிகளில் எதனைக் கொண்டு மறுக்கிறேன்? அவர் கூறியவற்றுள் எதை ஏற்கிறேன்? மிக அழகிய முறையில் விவாதிக்குமாறு அந்நஹ்ல் அத்தியாயத்தின் 125ஆம் வசனம் கட்டளையிடுவது இனிய சொற்களை மட்டும் நாடியன்று. இந்த ஒழுங்கும் அந்த அழகில் அடங்கும் என்றே எண்ணுகிறேன்.

வாதத்தை முன்வைத்தவர் விடையின்றி மௌனமானால் அதற்கு இஃப்ஹாம் என்று முனாழரா நூல்கள் பெயரிடுகின்றன. அந்தக் கட்டுரையாளரும் மௌனமானார். அது இஃப்ஹாம் அன்று. அவரிடம் நான் எதையும் கேட்டிருக்கவே இல்லை.