அழியும் கலையும் ஒதுங்கிய மரமும்

கலைப்பொருளின் பெருமையை அதன் நெடுவாழ்வு கொண்டு அளக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைப் பற்றிக் கூறும் ஆசிரியர், அஃது எட்டாம் நூற்றாண்டில் எழுந்தது என்பதனை முதற்கண் கூறிவிட்டே அதன் அழகினை எடுத்துரைக்கப் புகுகின்றார். ஏட்டிற் பொறித்த பாட்டு, கல்லில் வெட்டிய உரு, செம்பில் வார்த்த திருமேனி என நிலைபெற்றனவே கலை வரலாற்றில் இடம்பெறுகின்றன. ஒரு பகலில் தோன்றி அப்பகலிலேயே மறையும் கலைக்கு அவ்வரலாற்றில் இடமுண்டோ? உண்டெனின், அதனை எவ்வாறு மதிப்பிடுவது? இவ்வினா நூற்பயிற்சியால் என்னிடத்து எழுந்ததன்று. யான் செய்த பிழையொன்றினால் எழுந்தது. அதனை மறையாது கூறிப் பின் ஆராய்வதே முறையாகும்.

புத்தளம் மாவட்டக் கரையோரத்திலே குறிஞ்சிப்பிட்டி என்னும் ஊர் உளது. பெயரிலே குறிஞ்சி, நிலத்திலே நெய்தல். பிட்டி என்பது மேட்டினைக் குறிக்கும் சொல். அப்பக்கத்தில் மேடென்று கூறத்தக்கது மணல்மேடே. சில ஆண்டுகளின் முன்னர் மாணாக்கர் சிலரை அக்கரைக்கு அழைத்துச் சென்று, கரை தருவனவற்றை மாத்திரம் கொண்டு ஒரு கலைப்பொருள் செய்யுமாறு பணித்தேன். மாணவியர் ஐவர் ஒரு முளையையும் கயிற்றையும் தென்னோலை மட்டைகளையும் கொண்டு, நாற்பது காலடி அகலத்திலே பெருந் திருக்கைமீன் ஒன்றை மணலில் வரைந்தனர். ஓடாவிக் குடும்பத்துச் சிறுவன் ஒருவன், உடைந்த தோணியொன்றின் வளைந்த சட்டத்தைக் கண்டெடுத்து, ஆணி கழன்ற துளையைக் கண்ணாகக் கொண்டு நாரையொன்றைச் செதுக்கினான். பரிசு வழங்கும் பொறுப்பு என்னுடையது. நாரைக்கே வழங்கினேன். பாடசாலைக்கு எடுத்துச் செல்லலாம், மேசையில் வைக்கலாம், அதிபருக்குக் காட்டலாம் என்பனவே அப்பொழுது என் உள்ளத்திருந்த காரணங்கள். மாலைக்குள் காற்று திருக்கையின் ஒரு சிறகினை மூடிவிட்டது. பேருந்தில் ஏறும்போது அம்மாணவியருள் ஒருத்தி, “சேர், எங்கள் வேலை குறைவென்று பரிசு தரவில்லையா, அழிந்துவிடும் என்று தரவில்லையா?” என்று கேட்டாள். யான் விடை கூறவில்லை. கூறாது விட்ட அவ்விடையே இக்கட்டுரை.

மணலிற் செய்த உருவைக் கடல் கொள்வது தமிழ்ப் புலவர்க்குப் புதிய பொருளன்று. சங்கத்துச் சிறுமியர் கடற்கரையிலே மணற்பாவை செய்து விளையாடினர். அதனை வண்டற்பாவை என்பர். ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியைப் பாடிய அம்மூவனார், கொண்கனை விளித்துக் கூறும் பாட்டுக்களுள் அடுத்தடுத்த இரண்டினை இப்பாவைக்கே உரியன ஆக்கினார். 124ஆம் பாட்டிலே, தன் பாவையைக் கவர்ந்த கடலைத் தூர்த்துவிட எண்ணி ஒருத்தி நுண்மணலை அள்ளி எறிகின்றாள். 125ஆம் பாட்டிலே, திரை பாவையைக் கொள்ளக் கண் சிவப்ப அழுது நிற்கின்றாள். கடலைத் தூர்க்கப் புகுந்த பேதைமையை நகைப்போர் நகைக்கலாம். ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. அப்பாவை எவ்வளவு அழகாயிருந்தது என்று புலவர் ஒரு சொல்லேனும் கூறினாரல்லர். அதன் பெருமையை அறிவிக்க அச்சிறுமியின் சினமும் கண்ணீருமே போதுமெனக் கொண்டார். குறுகிய வாழ்வு என்பது அப்பாவையின் குறையன்று; அதன்பாற் கொண்ட அன்பினை அளக்கும் கோலாக அதுவே அமைந்தது.

இனி, அழிவினைத் துன்பமாகக் கொள்ளாது கலையின் ஓர் உறுப்பாகவே கொண்ட மரபும் உண்டு. கேரள நாட்டுக் களமெழுத்து அத்தகையது. அரிசிமா, மஞ்சட்பொடி, உமிக்கரி, பச்சிலைப்பொடி, மஞ்சளும் சுண்ணமும் கலந்த செம்பொடி ஆகிய ஐவகைப் பொடிகளால் பத்திரகாளியின் பேருருவைத் தரையில் எழுதுவர். பல நாழிகை உழைத்து எழுதிய அவ்வுருவைப் பாட்டும் பூசையும் முடிந்தபின் அழித்துவிடுவர். பொடியை அடியார்க்குப் பிரசாதமாக வழங்குவர். ஈண்டு அழித்தல் கலைக்கு நேர்ந்த விபத்தன்று, கலையின் நிறைவாகும். நம் இல்லத்து முன்றிலில் நாள்தோறும் இடும் கோலமும் இவ்வினத்ததே. நேற்றைய கோலத்தை ஒருவரும் காத்துவைப்பதில்லை. இன்று இடாத வாசலையே குறை கூறுவர்.

இவ்விருவகை நோக்கினையும் உளங்கொண்டு, மணற்சிற்பத்திற்கு இக்காலத்தில் பெயர்பெற்ற பூரிக் கடற்கரையைக் காண்போம். ஒடிசா மாநிலத்துப் பூரியிலே மணற்கலைக்கு ஒரு பழங்கதை வழங்குகின்றது. தண்டி இராமாயணம் பாடிய பலராமதாசர் தேர்விழாவிலே இறைவன் தேரில் ஏற முயன்றபோது அவமதித்து இறக்கப்பட்டார் என்றும், மனம் நொந்து கடற்கரைக்குச் சென்று மணலிலே தேர் செய்து வழிபட்டார் என்றும், இறைவன் பெருந்தேரை விட்டு மணற்றேரில் எழுந்தருளினான் என்றும் கூறுவர். இக்கதை வரலாறாகுமோ என்பது வேறு ஆராய்ச்சி. மணலாலான தேர் மரத்தாலான தேரினும் குறைந்ததன்று என்று மக்கள் உள்ளம் கொண்ட தீர்ப்பே நமக்கு வேண்டுவது.

அக்கரையிலே 1977இல் பிறந்த சுதர்சன் பட்நாயக் என்பார் இக்கலையை உலகறியச் செய்தவர். 2014இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. மாணாக்கரைப் பயிற்றுவித்தும் பல நாட்டுப் போட்டிகளிற் பங்குகொண்டும், சிறார் விளையாட்டெனக் கருதப்பட்ட ஒன்றினைத் தொழிலாகவும் கலையாகவும் உயர்த்திய பெருமை அவருக்குரியது. மணலின் இயல்பறிந்த கை அவருடையது என்பதில் ஐயமில்லை. உலர்ந்த மணல் நில்லாது. மிகுதியாக நனைந்த மணல் சரியும். மணிகளுக்கிடையே சிறிதளவு நீர் தங்கிப் பாலம்போல் பிணிக்கும்போதே அது சுவராகவும் முகமாகவும் நிற்கும். இந்நுட்பத்தைப் பேரளவிற் கையாளுதல் எளிதன்று.

எனினும் ஒரு குறை கூறாதிருத்தல் இயலவில்லை. கடல் மாசு, காலநிலை மாற்றம் முதலியன பற்றிய அறிவுரைகளை அவர் பல படைப்புக்களில் எழுத்தாலேயே பொறிக்கின்றார். உரு தன் பொருளைத் தானே உணர்த்தாதோ என்னும் ஐயம் அவ்வெழுத்துக்களிலே தெரிகின்றது. மேலும், அச்சிற்பங்களை நம்மிற் பெரும்பாலோர் காண்பது நிழற்படத்திலேயே. படம் பிடிக்கும் கருவி நிற்குமிடத்தை நோக்கியே உரு திரும்பி நிற்கின்றது. கடல் அதனைக் கொண்டபின்னும் படம் உலவுகின்றது. இவ்வகையால் மணற்சிற்பம் தன் முடிவினின்றும் தப்பிவிடுகின்றது. தப்பிய அளவிற்குத் தன் இயல்பினையும் இழக்கின்றது. பலராமதாசர் கதையின் தேர் காண்போரை நோக்கிச் செய்யப்பட்டதன்று. அறிவுரை நல்லதே, அதற்குச் சுவரும் தாளும் உள. அலைவாய்க்கரை செய்யவல்ல வேறொன்று உண்டு. அதனைச் சுவர் செய்யாது.

அதே பூரியிலே, ஒதுங்கிய மரத்திற்குரிய பெருங்கதையும் உண்டு. கடலில் மிதந்து கரையடைந்த பெருமரத்தினின்றும் செகந்நாதர் திருவுருவம் செய்யப்பட்டதென்பது அது. தச்சன் வடிவில் வந்த விசுவகருமன் அடைத்த கதவினுள் வேலை செய்ய, இந்திரத்துய்ம மன்னன் பொறுமையிழந்து கதவைத் திறந்தமையால், கைகள் நிறைவுறாது உரு நின்றுவிட்டதென்பர். இன்றும் அத்திருவுருவம் மரத்தின் திரட்சி மாறாததாய், பெருங்கண்ணும் குறைக்கையுமாகக் காட்சி தருகின்றது. கலை நோக்கிற் கூறின், அஃது உளி எங்கு நிற்கவேண்டும் என்பதனைக் கற்பிக்கும் உருவாகும். அம்மரமும் என்றும் நிலைப்பதன்று. நவகளேபரம் என்னும் சடங்கிலே புதிய வேப்பமரத்தில் திருவுருவங்களைச் செய்து பழையனவற்றைக் கோயில் வளாகத்தே புதைப்பர். 1996இலும் 2015இலும் இச்சடங்கு நிகழ்ந்தது. தேர்களும் ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்பெற்று, விழா முடிந்தபின் பிரிக்கப்படுகின்றன. ஆகவே மணல் அழிவது, மரம் நிலைப்பது என்று யான் கொண்ட பாகுபாடு பூரிக் கரையிலேயே நிற்கவில்லை. கால அளவிலேதான் வேற்றுமை, தன்மையிலன்று. மாமல்லபுரத்துக் கருங்கல்லையும் உப்புக்காற்று அரித்துக்கொண்டே இருக்கின்றது.

இவ்வறிவோடு குறிஞ்சிப்பிட்டிக்கு மீள்வோம். மேனாட்டார் சிலர் கடற்கரையிலே மிகப் பெரிய கோலங்களை வரைகின்றனர். அமெரிக்கராகிய ஜிம் டெனெவன் கலிபோர்னியக் கரைகளிலே கோலும் வாரியும் கொண்டு பெருவட்டங்களை இழைப்பவர். மேலே உலர்ந்து வெளிறிய மணலைக் கீறினால் கீழுள்ள ஈரமணல் கருநிறமாகத் தோன்றும். அந்நிற வேற்றுமையே அவர்க்கு மை. பிரித்தானியாவின் பிரிஸ்டல் கால்வாய் போன்ற இடங்களில் கடல் பத்து மீற்றருக்கு மேலும் ஏறி இறங்குவதால், வற்றுக்காலத்தில் அகன்ற ஈரமணற்பரப்பு வெளிப்படும். பின் வெள்ளம் ஏறி முழுதையும் ஒருங்கே துடைக்கும். இலங்கைக் கரையிலோ ஏற்றவற்றம் ஒரு மீற்றரினும் குறைவு. ஈரமணல் ஒடுங்கிய பட்டையாகவே கிடைக்கும். பெரிதாக வரைய விரும்புவோர் உலர்மணலுக்கு ஏறவேண்டும். ஆங்கு அழிப்பது அலையன்று, காற்று. சோழகக் காற்று வீசும் மாதங்களில் அது கோட்டினை ஒரே முறையிற் கொள்வதில்லை. விளிம்பு விளிம்பாக உண்ணும். அம்மாணவியர் வரைந்த திருக்கை இவ்வாறே மறைந்தது. அவர்கள் சிறகின் கோடுகளைக் காற்று வரும் திசைக்கு இணையாக இழுத்திருந்தனர். காற்று மணலை அக்கோடுகளின் வழியே கொண்டுசென்றபோது, மீன் சிறகசைத்து மணலுள் புதைவது போன்றிருந்தது. திருக்கையின் உண்மை இயல்பும் மணலுட் புதைந்து கிடத்தலே. அவர்கள் அதனை எண்ணிச் செய்தனரோ, கரையறிவினால் தானே அமைந்ததோ அறியேன். யான் அன்று அதனைக் கண்டும் கலையென்று கருதினேனல்லேன். வேலை கெடுகின்றது என்றே கருதினேன். என் பிழை அதுவே.

இதனாற் சிறுவனின் நாரை தாழ்ந்ததென்று கொள்ளற்க. ஒதுங்கிய மரத்தில் வேலை செய்தல் எத்துணை அரிதென்பதனைத் தச்சரே அறிவர். உப்பேறிய மரத்தினுள் மணற்றுகள் புகுந்து உளியின் வாயை மழுக்கும். கப்பற்புழு துளைத்த வழிகள் எங்கே வெளிப்படும் என்று கூறவியலாது. புதைந்த இரும்பாணி எதிர்ப்படின் கருவி முறியும். துருக்கறை மரத்திற் கருமையாகப் பரவியிருக்கும். கைவினைஞன் தன் கருத்தை மரத்தின்மேல் ஏற்றுவதற்கு மாறாக, கடலும் பழைய ஓடாவியும் முன்னரே செய்துவைத்த வளைவினை ஏற்றுக்கொண்டு எஞ்சியதைச் செய்கின்றான். அச்சட்டத்தை வளைத்தவர் தோணிக்காக வளைத்தார். சிறுவன் அதனை நாரையின் கழுத்தாகக் கண்டான். அக்காணுதலே அவனுடைய கலை. கண்ணாடியிழைப் படகுகள் பெருகிவிட்ட இக்காலத்தில் அத்தகைய சட்டமும் அருகிவருகின்றது. உடைந்த கண்ணாடியிழையில் உளி செல்லாது. கடல் தருவன யாவும் நன்கொடையும் அல்ல. 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து அமிழ்ந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலினின்றும் ஒதுங்கிய பிளாஸ்திக்கு மணிகளை மேற்குக்கரை மக்கள் மறந்திலர்.

ஆகவே இரண்டற்கும் பொதுவான அளவுகோல் யாது? நிலைபேறு அன்று, எடுத்துச்செல்லும் எளிமையும் அன்று. செய்பொருள் தான் பிறந்த இடத்தின் இயல்பினை எத்துணை ஏற்றது, தன் முடிவினை எத்துணை உணர்ந்து அமைந்தது என்பனவே அவ்வளவுகோல் என்பது என் துணிபு. நாரை தன் மரத்தினை உணர்ந்தது. திருக்கை தன் காற்றினை உணர்ந்தது. இவ்வகையால் இரண்டும் ஒப்பன. பரிசினை இருபாலும் பகிர்ந்திருத்தல் வேண்டும். ஒன்றற்கே உரியதென்று எவரேனும் வற்புறுத்தின், மேசையில் வைக்க இயலாததற்கே இன்று வழங்குவேன்; ஏனெனின் அதனைக் காண மீண்டுமொரு வாய்ப்பு இல்லை.

ஆசிரியராயுள்ளோர்க்கு இதனாற் பெறப்படும் கடமை ஒன்றுண்டு. கண்காட்சி மண்டபத்துக்குக் கொண்டுவரத்தக்கவற்றையே மாணாக்கரின் கலையென்று கொள்ளும் வழக்கத்தை நாம் விடுதல் வேண்டும். கோலம் இட்ட முற்றத்திற்கும் மணல் வரைந்த கரைக்கும் நாமே சென்று, அவை உள்ளபோதே நின்று காணுதல் வேண்டும். பேருந்தருகே வினவிய மாணவி இப்பொழுது பாடசாலையை விட்டு நீங்கிவிட்டாள். இவ்விதழ் அவள் கையிற் கிடைக்குமாயின், அவள் வினாவின் முற்பகுதிக்கு அல்ல என்பதும், பிற்பகுதிக்கு ஆம் என்பதும் காலந்தாழ்த்திய என் விடையெனக் கொள்வாளாக.